பேத்தியின் நாட்காட்டியும் என் பழைய டிராயிங்கும்

துவாக்குடியில் வேலை பார்த்த காலத்து நினைவு ஒன்றை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் என் தவறு ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால் தள்ளிப்போட்டேன். போன ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் அந்தப் பழைய கதையைக் கிளறிவிட்டது. இப்போது இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்லப் போகிறேன்.

843 தடவை

2024 ஜனவரி. எங்கள் மருத்துவக் காப்பீட்டை வேறொரு நிறுவனத்துக்கு மாற்ற முடிவு செய்தோம். போர்ட்டபிலிட்டி என்பார்கள். அப்படி மாற்றினால், பழைய பாலிசியில் நாம் காத்திருந்த ஆண்டுகள் வீணாகாமல் கணக்கில் வரும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. எங்களுக்குக் கெடு முடிய இரண்டு நாள்தான் பாக்கி.

மகள் வயிற்றுப் பேத்தி எங்களோடுதான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. இந்த மாதிரிக் காரியமெல்லாம் வழக்கமாக அவள்தான் செய்து தருவாள். அந்த வாரம் பார்த்து அவள் சென்னை அலுவலகத்துக்குப் போயிருந்தாள். "நாமே செய்துவிடலாம், இதென்ன பெரிய வித்தையா?" என்று செல்போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் ஆதார் அட்டையோடு உட்கார்ந்தாள்.

முதல் பெயர் என்று ஒரு பெட்டி. எழுதினேன். கடைசிப் பெயர் என்று ஒரு பெட்டி.

"கடைசிப் பேருன்னா என்னங்க? எனக்கு ஒரே பேருதானே?" என்றாள் மனைவி.

இனிஷியலை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஓரெழுத்து போதாது என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. சரி என்று என் பெயரையே போட்டேன்.

அடுத்தது பிறந்த தேதி. பெட்டியைத் தொட்டதும் ஒரு சின்ன நாட்காட்டி விரிந்தது. அதில் 2024 ஜனவரி மாதம். இடது பக்கம் ஒரு அம்புக்குறி. அதைத் தொட்டால் 2023 டிசம்பர். இன்னொரு தடவை தொட்டால் நவம்பர். என் மனைவி பிறந்தது 1953 அக்டோபர் 14. எத்தனை தடவை தொட வேண்டும் என்று பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 843 தடவை!

தொட்டேன். 1981 வந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி முதல் பக்கத்துக்கே தள்ளிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. கட்டைவிரல் மரத்துப் போனது. மனைவி கொஞ்ச நேரம் வாங்கித் தொட்டாள். பிறகு நான். கடைசியில் 1953 அக்டோபர் வந்தது. 14-ஐத் தொட்டேன். தொட்டதாகத்தான் நினைத்தேன். நாட்காட்டியில் 14-க்கு நேர் கீழே இருப்பது 21. கட்டமோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பணம் கட்டியாயிற்று, பாலிசியும் மின்னஞ்சலில் வந்தது. அதில் பிறந்த தேதியை நான் சரிபார்க்கவில்லை.

ஆகஸ்டில் மனைவிக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை. அறுவை நன்றாகவே நடந்தது. ஆனால் பாலிசியில் இருக்கும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்று காப்பீட்டுப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். 38,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினோம். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அது என்ன தொகை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணில் பச்சைக் கட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்: "விடுங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நமக்குத்தான் இதெல்லாம் தெரியலை."

இந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. 33 வருஷம் மில்லிமீட்டர் கோடுகளைப் பார்த்துப் பிழைத்தவன் நான். ஏழு நாள் தவறிவிட்டதே!

தொடலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அன்று சாயங்காலம் பேத்தியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தைத் தன் போனில் திறந்து பார்த்தாள்.

"தாத்தா, அம்புக்குறியை இவ்வளவு தடவை தொட வேண்டாம். மேலே 2024-னு வருஷம் இருக்கு பாருங்க, அதைத் தொட்டா வருஷமெல்லாம் பட்டியலா வரும். 1953-ஐத் தேடி எடுத்துக்கலாம்."

"அதைத் தொடலாம்னு எங்கம்மா எழுதியிருக்கு?"

அவள் பதில் சொல்லவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, இதே மாதிரி ஒரு நாட்காட்டியைத்தான் போன மாசம் நான் எங்க கம்பெனிக்குப் போட்டேன். நாற்பது பக்கத்துல அது ஓடிக்கிட்டு இருக்கு."

அவளுடைய கம்பெனி வேறு, இந்தக் காப்பீட்டு நிறுவனம் வேறு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அவள் முகம் வாடிவிட்டது. ஒரே நாட்காட்டி எப்படி நாற்பது பக்கத்தில் ஓடும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அன்று ராத்திரி பதினொரு மணி வரை எனக்குப் பாடம் நடந்தது.

பாகம் பாகமாக ஒரு பக்கம்

இணையப் பக்கம் என்பதை நாம் ஒரு நோட்டீஸ் மாதிரி, முழுசாக ஒரே தாளாக நினைக்கிறோம். ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதினார்களாம். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். நூறு பக்கத்தில் ஒரே பொத்தான் இருந்தால், அதன் நிறத்தையோ நடத்தையையோ மாற்ற நூறு இடத்தில் கை வைக்க வேண்டும்.

இப்போது அப்படி இல்லை. பொத்தான் ஒரு பாகம். பெயர் எழுதும் பெட்டி ஒரு பாகம். நாட்காட்டி ஒரு பாகம். இவற்றைக் காம்போனென்ட் என்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஒழுங்காகச் செய்து கிடங்கில் வைத்துவிடுவது. பக்கம் வேண்டும் என்றால், கிடங்கிலிருந்து பாகங்களை எடுத்துப் பொருத்துவது. சின்னப் பாகங்கள் சேர்ந்து பெரிய பாகம். பெரிய பாகங்கள் சேர்ந்து பக்கம்.

"இது எங்க தொழிலாச்சேம்மா!" என்றேன்.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை 1965-ல் வந்த பிறகு, அதற்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் துவாக்குடி வரை வரிசையாக முளைத்தன. அப்படி ஒரு பட்டறையில்தான் நான் 1974-ல் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். கொதிகலனை யாரும் ஒரே வார்ப்பாகச் செய்வதில்லை. குழாய், வளைவு, ஃபிளாஞ்ச், தாங்கி என்று ஆயிரக்கணக்கான பாகங்கள். தாங்கிக்கு ஒரு ஸ்டாண்டர்டு டிராயிங் இருக்கும். படத்தில் அளவுகளுக்குப் பதிலாக ஏ, பி, சி என்று எழுத்துகள் போட்டிருப்போம். பக்கத்தில் ஒரு அட்டவணை. 50 மி.மீ. குழாய்க்கு ஏ இவ்வளவு, பி இவ்வளவு. 80 மி.மீ. குழாய்க்கு இவ்வளவு. படம் ஒன்றுதான், அளவு மட்டும் வேலைக்குத் தக்கபடி மாறும்.

பேத்தி கையைத் தட்டினாள். "இதேதான் தாத்தா! நாங்க அதை ப்ராப்ஸ்னு சொல்வோம்." ஒரே பொத்தான் பாகத்துக்கு, ஓரிடத்தில் 'சேமி' என்ற எழுத்தையும் இன்னோரிடத்தில் 'நீக்கு' என்ற எழுத்தையும் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். பாகம் ஒன்றுதான், கொடுக்கும் விவரம் மாறுகிறது.

இன்னொன்றும் சொன்னாள். சில பாகங்களுக்குச் சொந்தமாக ஞாபகமும் உண்டு. நாட்காட்டி தான் இப்போது எந்த மாதத்தில் நிற்கிறது என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்கிறது. இதற்கு ஸ்டேட் என்று பெயர். அந்த ஞாபகம் மாறியதும் திரையும் தானாக மாறும்.

"முழுப் பக்கத்தையும் மறுபடி வரையுமா?" என்று கேட்டேன்.

"இல்லை தாத்தா. புதுசா எப்படி இருக்கணும்னு மனசுக்குள்ள ஒரு படம் போட்டுக்கும். பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கே வித்தியாசமோ அங்கே மட்டும் மாத்தும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டிரேசிங் தாளில் இந்திய மையால் வரைந்த காலத்தில் நாங்கள் செய்தது இதுதான். ஒரு அளவு மாறினால் முழுத் தாளையும் மறுபடி வரைய மாட்டோம். பாதி பிளேடால் அந்தக் கோட்டை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் புதுக் கோடு போடுவோம். பிறகு அம்மோனியா வாடையோடு பிரிண்ட் எடுப்போம். அந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

யார் ஆரம்பித்தது?

பேத்தி பயன்படுத்தும் கருவிக்கு ரியாக்ட் என்று பெயர். ஃபேஸ்புக்கில் பொறியாளராக இருந்த ஜோர்டன் வாக் என்பவர் உருவாக்கியது. 2013 மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பக்கத்தின் தோற்றத்தையும் அதை இயக்கும் நிரலையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது அதுவரை சொல்லிக்கொடுத்த பாடம். இவர்கள் இரண்டையும் ஒரே பாகத்துக்குள் சேர்த்துவிட்டார்கள் என்று முதலில் பலர் முகம் சுளித்தார்களாம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 2014-ல் எவன் யூ என்பவர் வியூ என்று ஒன்றைக் கொடுத்தார். கூகுளின் ஆங்குலரும் இருக்கிறது. கருவி வேறு வேறு என்றாலும் எண்ணம் ஒன்றுதான்.

அந்த எண்ணம் இன்னும் பழையது. 1968-ல் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் மென்பொருள் பற்றி ஒரு மாநாடு நடந்தது. அதில் டக்ளஸ் மெக்கில்ராய் என்ற அறிஞர், தொழிற்சாலையில் பாகங்கள் தயாராவது போல மென்பொருளுக்கும் பாகங்கள் தயாராக வேண்டும் என்று கட்டுரை படித்தார். அதாவது பட்டறைக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அன்றே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் திருச்சியில் வளர்ந்தவர். பெயரைக் கேட்டாலே மலைக்கோட்டைத் தாயுமானவர் ஞாபகம் வந்துவிடும். 2010-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அவர்களும் தங்கள் பொத்தான், பெட்டி, நாட்காட்டி எல்லாவற்றையும் ஒரு பாகக் கிடங்காகச் செய்து, கிரயான்ஸ் என்று பெயர் வைத்து, வெளியார் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கிறார்கள். கலர் பென்சில் பெட்டி மாதிரி, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

127 மில்லிமீட்டர்

இவ்வளவையும் உற்சாகமாகச் சொன்ன பேத்தி, கடைசியில் மறுபடி அந்த நாட்காட்டிக்கே வந்தாள். "நல்லா இருந்துச்சுன்னு கிடங்குல வெச்சேன் தாத்தா. எல்லா டீமும் எடுத்துக்கிட்டாங்க. யாருமே குறை சொல்லலை."

யாருமே குறை சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் என் கதையை அவளுக்குச் சொன்னேன். அதுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

1983. குழாய்த் தாங்கி ஒன்றின் ஸ்டாண்டர்டு டிராயிங் கிழிந்து நைந்து போயிருந்தது. அதைப் புதிதாக வரையும் வேலை எனக்கு. அட்டவணையில் ஒரு வரியில், இரண்டு துளைகளுக்கு நடுவே மையத்துக்கு மையம் 130 மி.மீ. என்று இருக்க வேண்டும். மங்கிப் போன பழைய தாளைப் பார்த்து நான் 127 என்று எழுதிவிட்டேன். சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. மூன்று மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் 16 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை. அதில் மூன்று மி.மீ. தவறினால் போல்ட் இறங்காது.

தனி வேலைக்கு வரைந்த டிராயிங்கில் தவறு என்றால், ஒரு வேலை கெடும், திருத்திவிடலாம். இது ஸ்டாண்டர்டு டிராயிங். எந்த வேலை வந்தாலும் "அந்த எண் தாங்கி போடு" என்று ஒரு வரிதான் எழுதுவோம். என் 127 ஒவ்வொரு வேலையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றரை வருஷம் எனக்குத் தெரியவே தெரியாது.

ஒரு நாள் வேறு காரியமாகப் பட்டறைக்குள் போனேன். மூத்த ஃபிட்டர் ஒருவர் தாங்கியை வைஸில் கடித்து வைத்து, உருட்டு அரத்தால் துளையை நீளவாக்கில் ராவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராவி முடித்தவை ஒரு குவியல். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இந்தத் தாங்கிக்கு எப்பவும் ராவணும் சார். அப்பத்தான் போல்ட் இறங்கும்."

"எப்பவுமா? ஏன் என்கிட்டே சொல்லலை?"

அவர் சொன்ன பதில் நாற்பது வருஷம் கழித்தும் என் காதில் இருக்கிறது: "நீங்க வரைஞ்சா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நினைச்சேன் சார். எனக்குத்தான் புரியலை போலன்னு."

தவறு என்னுடையது. கை நொந்தது அவருக்கு. தெரியாதவன் என்று தன்னையே நினைத்துக்கொண்டதும் அவர்தான். என் மேஜைக்கும் அவருடைய வைஸுக்கும் நடுவே ஐம்பது அடி தூரம்கூட இருக்காது. ஒன்றரை வருஷம் அந்த ஐம்பது அடியை நான் நடக்கவில்லை.

அன்றைக்கே பிளேடை எடுத்து 127-ஐச் சுரண்டிவிட்டு 130 எழுதினேன். பழைய பிரிண்டுகளையெல்லாம் தேடி வாங்கிக் கிழித்தேன். ஒரு எண்தான். மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, எந்த ஸ்டாண்டர்டு டிராயிங் வரைந்தாலும் முதல் பாகம் பொருத்தும்போது ஃபிட்டர் பக்கத்தில் போய் நிற்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாச்சியும் இன்னிக்கு அதையேதானே சொன்னாங்க" என்றாள்.

அம்மாச்சி வைத்த பரீட்சை

மனைவியின் கண் கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி தன் கம்பெனியின் படிவத்தைப் போனில் திறந்து பாட்டியிடம் கொடுத்தாள். "அம்மாச்சி, இதை நிரப்புங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். ஆனா வாயே திறக்க மாட்டேன்." கையில் ஒரு நோட்டு. எனக்கும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

அரை மணி நேரத்தில் அவள் நோட்டில் எழுதியவற்றில் சில:

பெட்டிக்குள் வெளிர் சாம்பல் நிறத்தில் மாதிரிக்காக ஒரு பெயர் போட்டிருந்தது. யாரோ ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, மனைவி அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டாள்.

சாம்பல் எழுத்துகள் பாதி அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஒரு வழிகாட்டி விதி இருக்கிறதாம். அந்த எழுத்து அதற்குள் அடங்கவில்லை.

தமிழுக்கு மாற்றியதும், ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்காக வெட்டி வைத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' கொள்ளவில்லை. 'சமர்ப்பி' வரைக்கும்தான் தெரிந்தது. பெட்டியின் உயரமும் ஆங்கில எழுத்துக்கு வைத்த உயரம். 'கீ'யின் மேல் சுழியும் 'நூ'வின் கீழ்ச் சுழியும் வெட்டுப்பட்டு நின்றன.

கடைசிப் பெயர் இங்கேயும் கட்டாயம். "மறுபடியும் கடைசிப் பேரா?" என்றாள் மனைவி. உலகெங்கும் பெயர்கள் ஒரே மாதிரி இல்லை, பெயரை இரண்டாக உடைத்துக் கேட்பது உண்மையிலேயே அவசியமா என்று முதலில் யோசியுங்கள் என இணையத்துக்கு விதி வகுக்கும் அமைப்பே எழுதி வைத்திருக்கிறதாம். படித்தவர்கள் எத்தனை பேரோ!

பிறகு நாட்காட்டி. மனைவி அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்தாள். பத்து, இருபது, முப்பது. பேத்தி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். நாற்பதாவது தடவையோ என்னவோ, போனை மெல்ல வாங்கிக்கொண்டாள். "போதும் அம்மாச்சி. எனக்குப் புரிஞ்சிருச்சு."

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். பிரிட்டிஷ் அரசாங்கம் தன் இணையப் பக்கங்களுக்கு ஒரு பாகக் கிடங்கு வைத்திருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த தேதிக்கு, அதாவது பிறந்த தேதி மாதிரி ஒன்றுக்கு, அவர்கள் நாட்காட்டியே காட்டுவதில்லை. நாள், மாதம், வருடம் என்று மூன்று சாதாரணப் பெட்டிகள். தட்டச்சு செய்தால் முடிந்தது. ரயிலுக்கு முன்பதிவு மாதிரி வரப்போகும் நாளுக்குத்தான் நாட்காட்டி உதவும், என்றைக்கோ பிறந்த நாளுக்கு அது எதற்கு? பேத்தி அந்த முறையிலேயே ஒரு புதுப் பாகம் செய்தாள். எழுதி முடித்ததும் '14 அக்டோபர் 1953, சரிதானா?' என்று பெரிய எழுத்தில் திருப்பிக் கேட்கும் வரி ஒன்றையும் சேர்த்தாள். அந்த வரி மட்டும் ஜனவரியில் எங்களுக்கு இருந்திருந்தால் 38,000 ரூபாய்க்கு அலைந்திருக்க மாட்டோம்.

கம்பெனியில் உடனே ஒத்துக்கொள்ளவில்லையாம். நாட்காட்டிதான் பார்க்க அழகாக இருக்கிறது என்றார்களாம். மூன்று வாரம் பேசி, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியோடு வந்தாள். "தாத்தா, இங்க பாருங்க." கிடங்கில் ஒரு பாகத்தை மாற்றினாள். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டினாள். நாற்பது பக்கத்திலும் பிறந்த தேதிக்கு மூன்று பெட்டிகள். பொத்தான் நீண்டு, 'சமர்ப்பிக்கவும்' முழுசாக உட்கார்ந்திருந்தது.

நான் அந்தக் காலத்தில் பழைய பிரிண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கிழித்தேன். இவளுக்கு அந்த வேலைகூட இல்லை. ஒரு இடத்தில் சுரண்டினால் ஊரெல்லாம் மாறுகிறது. அதே மாதிரி ஒரு இடத்தில் தவறினால் ஊரெல்லாம் தவறுகிறது. பாகமாகச் செய்கிறவர்களுக்கு இந்த வசதியும் இந்தப் பொறுப்பும் சேர்ந்தேதான் வருகின்றன.

முடிவாக

காப்பீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆதார் நகல், பாலிசி நகல், விளக்கக் கடிதம் எல்லாம் கொடுத்து, இரண்டு தடவை நேரில் போய் உட்கார்ந்து, மூன்று மாதம் கழித்துத் தேதியைத் திருத்தினார்கள். பிறகு பணமும் வந்தது, பிடித்தம் போக 31,500 ரூபாய். கொடுத்தவரைக்கும் சரி.

என் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. எந்தப் படிவம் நிரப்பினாலும், பணம் கட்டுவதற்கு முன் பெயரையும் பிறந்த தேதியையும் இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பாலிசி வந்ததும் முதல் பக்கத்தை ஆதாரோடு வைத்துப் பாருங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

இரண்டாவது, ஒரு பக்கம் உங்களுக்குப் புரியவில்லை என்றால், உடனே "எனக்குத்தான் தெரியலை" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்த ஃபிட்டர் ஒன்றரை வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டு ராவினார். வரைந்தவன் தவறியிருக்கலாம். வீட்டில் இந்தத் தொழிலில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் தடுமாறுவதை அவர்கள் பார்க்கட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. அது அவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

போன வாரம் பேத்தி இன்னொரு புதுப் பாகம் செய்திருக்கிறாள். பணம் கட்டியதற்கு ரசீது காட்டும் பாகமாம். கிடங்கில் வைப்பதற்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கூடவே நானும் போனேன்.

மனைவி குழம்பைக் கிளறிக்கொண்டே, "இதுல கடைசிப் பேரு கேக்குமா?" என்றாள்.

"கேக்காது அம்மாச்சி."

"அப்ப கொடு, பார்க்கிறேன்."